பழுது நீங்கினால்தான் செல் பிரியும்

உட்கரு உள்ள ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. நாள்தோறும் சிதைந்துகொண்டே இருக்கிறது. வெளியிலிருந்து எந்தத் தாக்குதலும் வேண்டியதில்லை. உடலின் வெப்பமும் செல்லுக்குள் இருக்கும் நீருமே போதும். ஒரே நாளில் ஒரு செல்லில் ஏறத்தாழ 10,000 அடினின், குவானின் காரங்கள் இழையிலிருந்து கழன்றுவிடுகின்றன. செல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது உண்டாகும் வீரியமிக்க துணைப்பொருள்கள், வெயிலின் புற ஊதாக் கதிர்கள், புகையிலைப் புகை ஆகியவை இந்தச் சேதத்தை மேலும் கூட்டுகின்றன. இத்தனைக்கும் நடுவில் செல் தாக்குப்பிடிக்கிறது. பிரியும்போது ஏறக்குறைய பிழையில்லாத நகலைச் சேய்செல்களுக்குத் தருகிறது. டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் நொதிகள் இடைவிடாமல் வேலை செய்வதால்தான் இது நடக்கிறது.

உயிரின் தகவல் முழுவதையும் சுமக்கும் மூலக்கூறு மிக உறுதியானதாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் அறிவியலாளர்கள் நம்பினார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த தோமஸ் லிண்டால் அது சிதையும் வேகத்தை அளந்து பார்த்தார். பழுதுபார்க்க ஏதோ ஒன்று இல்லாவிட்டால் உயிரினங்கள் நிலைத்திருக்கவே முடியாது என்பது அவருக்குத் தெளிவானது. தேடலின் பயனாக 1974இல் ஈ.கோலை பாக்டீரியாவில் அப்படிப்பட்ட ஒரு நொதியைக் கண்டறிந்தார். அதன் பெயர் யுராசில் கிளைகோசிலேஸ்.

இந்த நொதி வேலை செய்யும் விதம் நின்று பார்க்கத் தக்கது. சைட்டோசின் என்ற காரம் தன் அமினோ தொகுதியை இழந்தால் யுராசில் ஆகிவிடும். குவானினோடு சேர வேண்டிய இடத்தில் யுராசில் அடினினோடு சேரும். அப்படியே விட்டால் அடுத்த நகலில் மரபுத் தகவல் மாறிப்போகும். நொதியோ, அரிசியில் கல் பொறுக்குபவரைப்போல இழை நெடுக வருடிச் செல்கிறது. யுராசில் தட்டுப்பட்டதும் அதைச் சுருளிலிருந்து வெளியே புரட்டித் தனக்குள் இருக்கும் ஒரு குழிக்குள் இழுக்கிறது. தைமினும் யுராசிலும் ஒரே ஒரு மெத்தில் தொகுதியால்தான் வேறுபடுகின்றன. அந்தத் தொகுதி இடிப்பதால் தைமின் குழிக்குள் நுழைய முடியாது. யுராசில் வெட்டி எடுக்கப்பட்ட பின், இரண்டாவது நொதியான ஏபி எண்டோநியூக்ளியேஸ் அந்த இடத்தில் இழையை அறுக்கிறது. பாலிமரேஸ் நொதி எதிர் இழையில் உள்ள குவானினைப் பார்த்துச் சரியான சைட்டோசினை வைக்கிறது. லைகேஸ் நொதி இடைவெளியை ஒட்டுகிறது. டி.என்.ஏ. இரட்டை இழையாக இருப்பதன் பெரும் பயன் இதுவே: ஓர் இழை கெட்டால் மற்றொன்று சாட்சி சொல்லும்.

புற ஊதாக் கதிர் விளைவிக்கும் சேதம் வேறு வகை. அருகருகே உள்ள இரண்டு தைமின்கள் ஒன்றோடொன்று பிணைந்து இழை கோணலாகிவிடும். மனித செல் அந்தக் கோணலைச் சுற்றி 30 நியூக்ளியோடைடு அளவுள்ள துண்டையே வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக நிரப்புகிறது. துருக்கியில் பிறந்த அசீஸ் சஞ்சார் இம்முறையைத் துலக்கினார். இந்த நொதிகளில் பிறவிக் குறை உள்ள குழந்தைகளுக்கு வருவது சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற நோய். சிறிதளவு வெயிலே அவர்கள் தோலில் கரும்புள்ளிகளை உண்டாக்கும். பலருக்குப் பத்து வயதுக்கு முன்பே தோல் புற்றுநோய் வந்துவிடுகிறது. நகலெடுக்கும்போது நேரும் பொருந்தாச் சேர்க்கைகளைத் திருத்தும் நொதிகளை விளக்கியவர் அமெரிக்கரான பால் மோட்ரிச். அந்த நொதிகளில் குறை பரம்பரையாக வந்தால் பெருங்குடல், கருப்பைப் புற்றுநோய்களுக்கான ஆபத்து கூடும். லிண்டால், மோட்ரிச், சஞ்சார் மூவரும் 2015இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பழுதுபார்ப்பும் வளர்ச்சியும் தனித்தனி வேலைகள் அல்ல. இழை அறுந்தால் ஏ.டி.எம்., ஏ.டி.ஆர். என்னும் நொதிகள் உடனே எச்சரிக்கை எழுப்புகின்றன. அதை ஏற்கும் பி53 புரதம், செல் பிரிதலை நிறுத்தி வைக்கும் பி21 புரதத்தைப் பெருக்குகிறது. சேதம் சரியானால் செல் மீண்டும் பிரியலாம். சரியாகாவிட்டால் அது பிரியும் திறனையே நிரந்தரமாக இழக்கும், அல்லது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். கடும் வெயிலுக்குப் பின் தோல் உரிவதில் இப்படி மடிந்த செல்களுக்கும் பங்கு உண்டு. தேறாத செல்லை உடல் வளரவிடுவதில்லை என்பது கொடுமையாகத் தோன்றலாம்; உண்மையில் அது மிகப் பெரிய பாதுகாப்பு. மறுபுறம், நொதிகள் இல்லையேல் வளர்ச்சியே இல்லை. ஏபி எண்டோநியூக்ளியேஸுக்கான மரபணு நீக்கப்பட்ட எலிக்கருக்கள் தொடக்க நாள்களிலேயே அழிந்துபோகின்றன.

புற்றுநோய் செல்கள் பலவற்றில் இந்தக் கட்டுப்பாடுகளில் ஏதேனும் ஒன்று கெட்டிருக்கும். அந்தக் குறையையே மருத்துவம் இன்று பிடிமானமாகக் கொள்கிறது. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 புரதங்கள் இரண்டு இழைகளும் சேர்ந்து அறுந்த இடங்களைச் சீராக்க உதவுபவை. இவை செயலிழந்த மார்பக, சூலகப் புற்றுநோய் செல்கள் பழுதுபார்ப்புக்குப் பார்ப் என்ற நொதியைப் பெரிதும் சார்ந்திருக்கின்றன. பார்ப்பைத் தடுத்தால் அச்செல்கள் மடிகின்றன, நல்ல செல்கள் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கின்றன என்று 2005இல் பிரிட்டனில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் காட்டின. அந்த வழியில் உருவான ஓலாபாரிப் மருந்துக்கு 2014இல் அமெரிக்காவில் சூலகப் புற்றுநோய்க்காக அனுமதி கிடைத்தது. ஆனாலும் சில கட்டிகளில் பிஆர்சிஏ மரபணுவில் இன்னொரு மாற்றம் நேர்ந்து, புரதம் மறுபடியும் வேலை செய்யத் தொடங்குகிறது. அப்போது செல் பழுதுபார்க்கும் திறனை மீட்டுக்கொள்கிறது. மருந்தும் பலன் தராமல் போகிறது.