கம்பம் பன்னீர் திராட்சை

கம்பம் பன்னீர் திராட்சை என்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்திலுள்ள கம்பம் பள்ளத்தாக்கில் பயிரிடப்படும் கருநீல நிறத் திராட்சை ஆகும். விதையுள்ள இவ்வகை, உலக அளவில் மஸ்கட் ஹாம்பர்க் என அறியப்படுகிறது. உலகின் பெரும்பாலான திராட்சைப் பகுதிகளில் ஆண்டுக்கு ஒரு முறையே அறுவடை நடைபெற, இப்பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் பழம் கிடைக்கின்றது. 2023ஆம் ஆண்டு இதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

அமைவிடம்

மேற்கில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்கில் மேகமலைக்கும் இடையே கம்பம் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகியவை இதன் முக்கிய ஊர்கள். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ஆனைமலையன்பட்டி முதலிய சிற்றூர்களில் திராட்சைத் தோட்டங்கள் மிகுதி. ஓடைப்பட்டிப் பகுதியில் விதையில்லாத் திராட்சையும் பயிராகிறது. 1895ஆம் ஆண்டு முதல் முல்லைப்பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இப்பகுதிக்கு வருகிறது.

வரலாறு

1832ஆம் ஆண்டு பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இப்பகுதிக்குத் திராட்சையைக் கொண்டு வந்தார் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தியாகும். எனினும் மஸ்கட் ஹாம்பர்க் வகை இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே உருவாக்கப்பட்டது. ஆகவே 1832 என்பதைத் திராட்சைப் பயிர் வந்த காலமாகக் கொள்ளலாமேயன்றி, இன்றுள்ள பன்னீர் வகை வந்த காலமாகக் கொள்ள இயலாது.

இவ்வகையின் பெற்றோர் இரண்டு. ஒன்று மணம் மிக்க அலெக்சாந்திரியா மஸ்கட்; மற்றொன்று ஸ்கியாவா குரோசா. பின்னது இத்தாலியின் வடக்கிலுள்ள ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் பன்னெடுங்காலமாகப் பயிரிடப்படுவது. அங்கும் கொடிகளைப் பந்தலில் ஏற்றி வளர்ப்பது பழைய வழக்கம்.

பயிரிடும் முறை

கல்தூண்களை நட்டு, அவற்றின் மேல் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துப் பந்தல் அமைக்கப்படுகிறது. வேர்விட்ட குச்சிகள் ஆனி, ஆடி மாதங்களில் நடப்படுகின்றன. பன்னீர் வகைக்கு 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளி விடப்படுவது வழக்கம். கொடி தலைக்கு மேல் படர, குலைகள் நிழலில் தொங்குகின்றன.

குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் இலைகள் உதிர்ந்து கொடி உறங்குகிறது. வசந்தத்தில் மீண்டும் துளிர்க்கிறது. கம்பத்தில் அத்தகைய குளிர் இல்லாமையால் கொடி தானாக உறங்குவதில்லை. கிளைகளை வெட்டி விடும் கவாத்தே துளிர்ப்பையும் பூப்பையும் தூண்டுகிறது. கவாத்து செய்த ஏறத்தாழ நான்கு மாதங்களில் பழம் அறுவடைக்கு வருகிறது. எனவே அறுவடைக் காலத்தை உழவரே தீர்மானிக்க முடிகிறது. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் மாறுவதால் ஏதேனும் ஒரு தோட்டத்தில் எப்போதும் பழம் இருக்கும். பன்னீர் வகை ஓர் எக்டேரில் ஆண்டுக்குச் சுமார் 30 டன் விளையக்கூடியது.

மழையே இப்பயிரின் பெரும் பகை. பழுக்கும் தறுவாயில் மழை பெய்தால் பழம் வெடிக்கும். ஈரம் நீடித்தால் அடிச்சாம்பல் நோய் பரவும்.

சந்தை

பெரும்பாலான பழம் உண்பதற்காகவே விற்கப்படுகிறது. வணிகர்கள் தோட்டத்துக்கே வந்து விலை பேசி வாங்குகின்றனர். கேரளம் முக்கியச் சந்தையாகும். தோல் மெல்லியதாகையால் பழத்தை நெடுநாள் வைத்திருக்க முடியாது. முல்லைப்பெரியாறு பிணக்கினால் 2011 டிசம்பரில் குமுளி வழிப் போக்குவரத்து தடைப்பட்டபோதும், 2020இல் ஊரடங்கின்போதும் பழுத்த குலைகளை விற்க இயலாமல் உழவர்கள் இழப்புக்கு உள்ளாயினர்.

வைன் தயாரிப்பும் இத்தாலிய ஒப்பீடும்

விற்காத பழத்தை வைனாக்கினால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழுகிறது. இத்தாலியின் பியெமொந்தே மாநிலத்திலுள்ள லாங்கே குன்றுகளை இதற்கு ஒப்பிடலாம். அங்கு நெப்பியோலோ வகையிலிருந்து பரோலோ என்னும் வைன் தயாரிக்கப்படுகிறது. சட்டப்படி ஓர் எக்டேரில் 8 டன்னுக்கு மேல் பழம் எடுக்கக் கூடாது. வைனை மூன்று ஆண்டுகளுக்கு மேல் முதிர வைத்த பின்பே விற்கலாம். விளைச்சலைக் குறைத்தால் பழத்தில் சுவை செறியும் என்பது இதன் அடிப்படை. இலையுதிர் காலத்தில் ஒரே அறுவடை, அதற்கெனத் திருவிழா, வீட்டுக்கு அடியில் நிலவறை என அங்குள்ள ஊர் வாழ்க்கையே வைனைச் சுற்றி அமைந்தது. 2014இல் யுனெசுகோ இக்குன்றுகளை உலக மரபுக் களமாக அறிவித்தது.

கம்பத்தில் நிலைமை வேறு. மிகு விளைச்சலும் விரைந்த விற்பனையுமே உழவரின் வருவாய்க்கு அடிப்படை. மேலும், தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக்கிடம் உள்ளது. இத்தாலியக் குடும்பங்களைப் போல் தோட்டத்து வாசலில் தம் வைனை விற்க உழவருக்கு வழியில்லை. எனினும் வைனாக ஆகாமலும் ஒரு திராட்சை பெயர் பெறலாம். பிரான்சின் வாந்தூ மலைப் பகுதியில் விளையும் இதே மஸ்கட் ஹாம்பர்க், உண்ணும் பழமாகவே சட்டப் பாதுகாப்புள்ள இடப்பெயரைப் பெற்றுள்ளது.

ஊர்ப் பண்பாடு

ஆண்டு முழுவதும் அறுவடை நடப்பதால் திராட்சைக்கெனத் தனி அறுவடை விழா இங்கு உருவாகவில்லை. நீரே கொண்டாடப்படுகிறது. முல்லைப்பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் பிறந்த நாளான ஜனவரி 15 அன்று மக்கள் பொங்கல் வைக்கின்றனர். அவர் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டுவதும் உண்டு. லோயர்கேம்பில் அவருக்கு 2013இல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. சுருளி அருவிக்குச் செல்லும் சாலையின் இருபுறமும் திராட்சைப் பந்தல்களைக் காணலாம்.