பிஞ்சுப் பாதங்களுடன் ஒரு தலயாத்திரை

திருஞானசம்பந்தர் என்றதும் சீர்காழிக் குளக்கரையும், அம்பிகை பொற்கிண்ணத்தில் அளித்த ஞானப்பாலுமே நம் நினைவில் எழும். மூன்று வயதில் ஆட்கொள்ளப்பட்ட அந்தப் பிள்ளை, அதன்பின் ஊர் ஊராகத் தலயாத்திரை சென்ற குழந்தை என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் அந்தப் பயணங்களை விரித்துரைக்கிறார். சீர்காழியை அடுத்த திருக்கோலக்காவில் பிள்ளை கைகளால் தாளமிட்டுப் பாடுகிறது. அந்தப் பிஞ்சுக் கைகள் சிவந்துவிடுமே என்று இறைவன் பொற்றாளம் அருள்கிறான்; அதற்கு ஓசை கொடுத்தவள் அம்பிகை. அதனால்தான் அவளுக்கு அங்கு 'ஓசை கொடுத்த நாயகி' என்று திருநாமம். தாயின் ஊராகிய திருநனிபள்ளிக்குச் செல்லும்போது, தந்தை சிவபாத இருதயர் பிள்ளையைத் தம் தோளில் சுமந்து செல்கிறார். திருவரத்துறைக்குச் செல்லும் வழியிலோ பிள்ளை தந்தையின் தோளை மறுத்து நடந்தே வருகிறது. பாதங்கள் நோகின்றன. அன்றிரவு மாறன்பாடியில் தங்கியிருக்க, இறைவன் முத்துச் சிவிகையும் முத்துக் குடையும் சின்னமும் அளிக்கச் செய்கிறான்.

கை நோகும், கால் நோகும், வெயில் சுடும் என்று குழந்தைக்காக இறைவனே கவலைப்பட்ட கதைகள் இவை. இவற்றைப் பலமுறை படித்திருந்தும், இவற்றின் பொருள் எனக்கு விளங்க முப்பது ஆண்டுகளாயின.

ஒன்பதும் முடிந்தன

வங்கிப் பணியில் இருந்த நாட்களில், ஒரு கோடை விடுமுறையில் குடும்பத்துடன் நவக்கிரகத் தலங்களுக்குச் சென்றேன். அக்னி நட்சத்திர வெயில். மகளுக்கு அப்போது ஐந்து வயது. ஒன்றரை நாளில் ஒன்பது தலங்களையும் தரிசித்துவிட வேண்டும் என்று நேர அட்டவணை எழுதி வைத்திருந்தேன். ஒரு கோயிலை நாங்கள் அடைந்தபோது நடை சாத்தச் சில நிமிடங்களே இருந்தன. பிராகாரத்துக் கருங்கல் தகித்தது. குழந்தை இரண்டடி வைத்துவிட்டு அழுதது. நான் அவள் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு ஓடினேன். "சாமியைப் பார்க்க வந்துவிட்டு அழலாமா?" என்று அதட்டவும் செய்தேன்.

அன்றிரவு அவள் உள்ளங்கால்களில் கொப்புளங்கள். என் மனைவி விடியும்வரை விசிறிக்கொண்டு அமர்ந்திருந்தாள். நானோ நாட்குறிப்பில், அன்றைய வரவு செலவை நேர்செய்த நிறைவோடு, 'ஒன்பதும் முடிந்தன' என்று எழுதினேன்.

வளர்ந்தபின் மகள், கோயில் பயணம் என்றாலே தேர்வு, தலைவலி என்று ஏதேனும் ஒரு காரணம் சொல்லி வீட்டிலேயே தங்கிவிடுவாள். இக்காலப் பிள்ளைகளுக்குப் பக்தி குறைவு என்று நான் வருந்தினேனே தவிர, காரணத்தை ஆராயவில்லை.

முத்துப் பந்தலின் நிழலில்

சென்ற தை மாதம் மகளே, "குழந்தைகளுக்குக் கும்பகோணத்துக் கோயில்களைக் காட்ட வேண்டும், அப்பா" என்றாள். ஆனால் நிபந்தனை விதித்தாள்: காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, நண்பகலில் அறையில் ஓய்வு. இவ்வளவு தொலைவு சென்று இரண்டே கோயில்களா என்று எனக்கு மனக்குறை. ஆயினும் இசைந்தேன்.

முதல் நாள் காலை தாராசுரம். இரண்டாம் இராசராச சோழன் எடுப்பித்த அந்த ஐராவதேசுவரர் ஆலயத்தில், யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பத்தைப் பேரன் அரைமணி நேரம் விட்டு நகரவில்லை. ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை! எத்தனையோ முறை அங்கு சென்றிருக்கிறேன்; நின்று பார்த்தது அன்றுதான்.

மறுநாள் காலை பட்டீசுவரம். சம்பந்தப் பிள்ளை அடியார்களோடு ஆனி மாத வெயிலில் இத்தலத்துக்கு வந்தபோது, தேனுபுரீசுவரர் முத்துப் பந்தல் அனுப்பி நிழல் தந்தார். பிள்ளை வரும் அழகைக் காண நந்தியையும் விலகி இருக்கச் சொன்னார் என்பது தலவரலாறு. விலகியிருக்கும் நந்தியைக் காட்டிப் பேரனுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "சம்பந்தருக்குக் கால் சுட்டதா, தாத்தா?" என்று கேட்டான்.

அருகில் நின்ற மகள் மெல்லச் சொன்னாள்: "அன்றைக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம், அப்பா."

அவள் குரலில் கோபம் இல்லை. என்னிடம் மறுமொழியும் இல்லை. சற்று நேரம் கழித்து, "தவறுதான் அம்மா" என்றேன். அம்பிகை ஞானாம்பிகையின் சந்நிதியில் அவள் நெடுநேரம் கண்மூடி நின்றாள்.

அன்று மாலை சுவாமிமலை. பிரபவ முதல் அட்சய வரை தமிழ் ஆண்டுகளின் பெயர் தாங்கிய அறுபது படிகள். விகாரி ஆண்டில் பிறந்த பேரன் தன் படியைத் தேடிக் கண்டுபிடித்துத் துள்ளினான். மூன்று வயதுப் பேத்தி பாதி வழியில் சோர்ந்து நின்றாள். அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, நின்று நின்று ஏறினேன். தந்தைக்கு மைந்தன் குருவாக அமர்ந்து பிரணவப் பொருள் உரைத்த தலம் அல்லவா அது! அன்று காலைதான் என் மகளிடம் நான் பாடம் கேட்டிருந்தேன்.

பயணம் புறப்படுவோருக்கு

குழந்தைகளோடு செல்வோருக்கு, அனுபவத்தில் கண்ட சில:

பெரும்பாலான ஆலயங்களில் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணியளவில் திறப்பார்கள். காலை தரிசனத்தைப் பத்து மணிக்குள் முடித்தால் கல்லும் சுடாது, குழந்தையும் வாடாது.

இரயிலில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கட்டணமில்லை. ஆனால் தனிப் படுக்கையும் கிடையாது. ஐந்து முதல் பன்னிரண்டுக்குள் இருப்போருக்குத் தனிப் படுக்கை வேண்டுமெனில் முழுக் கட்டணம். இரவுப் பயணத்தில் அந்தச் செலவுக்குத் தயங்க வேண்டாம்.

பெற்றோரின் தொலைபேசி எண்ணைச் சீட்டில் எழுதிக் குழந்தையின் சட்டைப் பையில் வையுங்கள். கூட்டத்தில் பிரிந்தால் கொடிமரத்தடியில் நிற்க வேண்டும் என்று நுழைந்ததுமே இடத்தைக் காட்டிவிடுங்கள். தங்க நகை அணிவிக்க வேண்டாம்.

திருக்குளப் படிகள் வழுக்கும். சிவபாத இருதயர் பிள்ளையைக் கரையில் அமர்த்திவிட்டு நீரில் மூழ்கியபோது அம்பிகையே துணை வந்தாள். நாம் பெரியவர் ஒருவரைக் கரையில் நிறுத்துவதே முறை.

எல்லாவற்றுக்கும் மேலாக, தலங்களை எண்ணாதீர்கள். குழந்தை மகிழ்ந்து கைகூப்பிய ஒரு சந்நிதி போதும். மற்றத் தலங்களுக்கு அது வளர்ந்து தானே வரும்.

ஊர் திரும்பும்போது பேரன், "அடுத்த முறை சீர்காழிக்குப் போகலாமா, தாத்தா?" என்றான். என் மகள், "சித்திரைத் திருவிழாவில் திருமுலைப்பால் உற்சவத்துக்கே போகலாம்" என்றாள்.

இம்முறை நேர அட்டவணையை அவளே எழுதுகிறாள்.