குளிக்க ஒரு வீடு! தூங்க ஒரு வீடு!

ஊரில் ஒரு வீடு. ஏரிக்கரையில் ஒரு வீடு. பின்லாந்து நாட்டில் பல குடும்பங்களுக்கு இப்படி இரண்டு வீடுகள் இருக்கின்றன. பணக்காரர்கள் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரணக் குடும்பங்களும் வைத்திருக்கின்றன. அந்த நாட்டின் மக்கள் தொகை சுமார் 55 லட்சம். கோடை வீடுகளோ சுமார் 5 லட்சம்!

இந்த வீட்டுக்கு ‘மோக்கி’ என்று பெயர். மோக்கி என்பது பெரும்பாலும் ஒரே கட்டிடம் அல்ல. குளிக்க ஒரு குடில், விருந்தாளி தூங்க ஒரு குடில், விறகுக்கு ஒன்று, கக்கூசுக்கு ஒன்று என்று தனித்தனியாக நிற்கும்.

எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கட்டினால் என்ன என்று கேட்கிறீர்களா?

நெருப்புப் பயம்!

அங்கே வீடுகள் மரத்தால் ஆனவை. குளியல் வீடான ‘சவுனா’வில் அடுப்பு எரியும். அடுப்பின் மேல் கற்கள் அடுக்கியிருக்கும். சூடேறிய கல்லில் தண்ணீரை ஊற்றுவார்கள். குப்பென்று ஆவி கிளம்பும். அறையின் சூடு 80 முதல் 100 டிகிரி வரை போகும். பழைய சவுனாக்களுக்குப் புகைபோக்கி கிடையாது. அவை தீப்பிடிப்பது சகஜம். சவுனா எரிந்தாலும் வீடு தப்ப வேண்டும் அல்லவா? அதனால்தான் தள்ளிக் கட்டினார்கள்.

புது மனையில் பலர் முதலில் கட்டுவது சவுனாவைத்தான். பெரிய வீடு எழும்பும் வரை குடும்பமே அதில் தங்கும். அந்தக் காலத்தில் பிரசவம் நடந்ததும் அங்கேதான். இறந்தவர்களைக் குளிப்பாட்டியதும் அங்கேதான். வெந்நீரும் சுத்தமும் உள்ள இடம் அது ஒன்றுதானே! 2020-ல் யுனெஸ்கோ இந்தச் சவுனா வழக்கத்தை உலகப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

சவுனாவுக்கு ஒரு திண்ணை அவசியம். வியர்க்க வியர்க்க வெளியே வந்து, ஏரியில் குதித்து, பிறகு ஆற அமர உட்காருவது அங்கேதான். மேற்கே பார்த்த திண்ணை என்றால் யோகம்! தெற்குப் பகுதியில்கூட ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு பத்தரை மணிக்கு மேல் ஆகிவிடும். வீட்டின் மிக நல்ல இடம் இந்தத் திண்ணைதான் என்பேன். செலவும் அதிகமில்லை.

விருந்தாளிக் குடிலுக்கு ‘அய்ட்டா’ என்று பெயர். முன்பு அது தானியக் களஞ்சியம். எலியும் ஈரமும் அண்டாமல் கல் வைத்து உயர்த்திக் கட்டியிருப்பார்கள். விறகுக் கொட்டகையின் பலகைச் சுவரில் இடைவெளி விடுவார்கள். காற்று புகுந்தால்தான் விறகு காயும்.

கக்கூஸ் விஷயத்தில்தான் மிகுந்த கவனம். கிணறும் ஏரியும் கெட்டுப்போனால் வீடு இருந்து என்ன பயன்? ஆகவே அது கிணற்றுக்கும் கரைக்கும் எட்டத் தள்ளி இருக்கும். தண்ணீர் ஊற்றுவதில்லை, ஒவ்வொரு முறையும் உலர்ந்த மக்கு மண்ணை ஒரு கரண்டி தூவுவார்கள். நாற்றம் அடங்கும். அதைத் தனியே ஓர் ஆண்டாவது மக்கவைத்து உரமாக்குவார்கள். சவுனாவில் குளித்த நீரையும் ஏரியில் விடக் கூடாது. மண்ணில் ஊறவிட வேண்டும்.

இப்போது பிள்ளைகள் மின்சாரமும் தண்ணீர்க் கக்கூசும் கேட்கிறார்கள். பெரியவர்களோ வேண்டாம் என்கிறார்கள். இந்தச் சண்டை பல வீடுகளில் உண்டு. ஆனால் ஒரு விஷயத்தில் யார் இஷ்டமும் செல்லாது. கரையோரம் புதிதாகக் கட்ட விதிகள் உண்டு. பல ஊர்களில் சவுனா கரைக்குச் சற்று அருகே வரலாம். பெரிய வீடு இன்னும் பின்னால்தான் நிற்க வேண்டும்.