மாற்று இயந்திரமும் கியர்ப் பெட்டித் தெரிவும்

பழைய மோட்டார் வண்டியின் தேய்ந்த இயந்திரத்தை அகற்றி, அதனிடத்தில் வேறோர் இயந்திரத்தைப் பொருத்துதல் இன்று பல நாடுகளிலும் வழங்கும் ஒரு தொழின்முறையாகும். இம்முயற்சியில் இறங்குவோர் பெரும்பாலும் புதிய இயந்திரத்தின் வலுவையே எண்ணி மகிழ்வர். அவ்வலுவைச் சில்லுகளுக்குக் கொண்டுசெல்லும் கியர்ப் பெட்டியைப் பற்றிப் பின்னரே சிந்திப்பர். ஆனால் மாற்றம் பயன்தருமா, பணமும் உழைப்பும் வீணாகுமா, வண்டியிற் செல்வோரின் உயிர் காக்கப்படுமா என்பவற்றைப் பெரிதும் முடிவுசெய்வது அப்பெட்டியேயாம். ஆதலின் கையால் மாற்றும் கியர்ப் பெட்டியொன்றைத் தெரிவுசெய்யுமிடத்து ஆராயவேண்டியன எவை என்பதை, இலங்கை வீதிகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மொறிஸ் மைனர் வண்டியை எடுத்துக்காட்டாகக் கொண்டு நோக்கலாம்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இவ்வண்டி 1948 ஆம் ஆண்டில் 918 கன சென்ரிமீற்றர் இயந்திரத்துடன் வெளிவந்தது. பின்னர் 1952 இல் 803, 1956 இல் 948, 1962 இல் 1098 கன சென்ரிமீற்றர் என இயந்திரம் மாறிற்று. இறுதியாக வந்த 1098 இன் வலு 48 பரிவலு. கியர்கள் நான்கு, அவற்றின் விகிதங்கள் முறையே 3.628, 2.172, 1.412, 1.00 என்பன. முதற் கியருக்கு ஒத்திசைவுப் பொறி இல்லை. ஆகவே வண்டி ஓடும்போது அதனை ஓசையின்றி இடுதல் பழகிய கைக்கே இயலும். நீண்ட பயணத்தில் இயந்திரத்துக்கு ஆறுதல் தரும் ஐந்தாம் கியரும் இல்லை. இக்குறைகளே மாற்றுப் பெட்டியை நாடவைப்பன.

கியர்ப் பெட்டியின் பணி யாது? பெற்றோல் இயந்திரம் குறித்த சுழற்சி எல்லைக்குள்ளேயே நன்கு இழுக்கும். நின்ற வண்டியை நகர்த்தவும் ஏற்றம் ஏறவும் மிகுந்த முறுக்குவிசை வேண்டும். சமவெளியில் விரைந்து செல்லக் குறைந்த முறுக்குவிசையே போதும். கிணற்றில் நீர் இறைக்கும் துலாவில் மிதிப்பவன் நிற்குமிடம் மாறும்போது பாரம் எளிதாவதும் கடிதாவதும் போல, கியர் விகிதம் மாறும்போது இயந்திரத்தின் சுமையும் மாறுகின்றது. ஆனால் சில்லை அடையும் மொத்த விகிதம் கியர்ப் பெட்டியால் மட்டும் அமைவதன்று. பின்னச்சிலுள்ள டிபறன்சியலின் விகிதத்தையும் அதனுடன் பெருக்குதல் வேண்டும். இவ்வுண்மையை மறந்தோர் நல்ல பெட்டியை வாங்கியும் பயனடையார்.

1098 வண்டியின் பின்னச்சு விகிதம் 4.22, 948 இல் 4.55; 803 இல் 5.375. ரயர் ஒருமுறை சுழல வண்டி ஏறத்தாழ 1.8 மீற்றர் முன்செல்கின்றது எனக் கொள்வோமாயின், மணிக்கு 90 கிலோமீற்றர், அதாவது நிமிடத்துக்கு 1500 மீற்றர், செல்வதற்குச் சில்லு நிமிடத்துக்கு 833 முறை சுழலவேண்டும். நாலாம் கியரில் 4.22 அச்சுடன் இயந்திரம் சுமார் 3,500 முறை சுழலும், 5.375 அச்சுடனோ ஏறக்குறைய 4,500 முறை சுழலும். ஐந்தாம் விகிதம் 0.82 ஆகவுள்ள பெட்டியொன்றைப் பொருத்தினால் முன்னது 2,900 அளவுக்கும் பின்னது 3,700 அளவுக்கும் குறையும். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் வரையுள்ள சமமான நெடுவீதியில் இவ்வேறுபாடு ஓசையிலும் எரிபொருட் செலவிலும் தேய்விலும் தெளிவாகப் புலப்படும். ஆனால் 803 வண்டியின் அச்சை மாற்றாது விட்டால், ஐந்தாம் கியரிலும் இயந்திரம் 1098 வண்டியின் நாலாம் கியரில் ஓடுவதினும் சற்று விரைவாகவே ஓடும் என்பதும் இக்கணக்கால் விளங்கும்.

அடுத்து நோக்கவேண்டியது விகிதங்களுக்கிடையிலுள்ள இடைவெளி. போர்ட் சியெரா வண்டிகளில் வந்த 'ரைப் 9' என்னும் ஐந்து கியர்ப் பெட்டி பிரித்தானியாவில் மொறிஸ் மைனருக்குப் பலராற் பொருத்தப்படுவது. நான்கு உருளை இயந்திரங்களுடன் வந்த வகையில் அதன் விகிதங்கள் 3.65, 1.97, 1.37, 1.00, 0.82 ஆகும். முதற் கியரில் 4,000 சுழற்சிவரை ஓட்டி இரண்டாவதை இட்டால் சுழற்சி 2,160 அளவுக்கு வீழும். பழைய மொறிஸ் பெட்டியிலோ 2,400 அளவிலேயே நிற்கும். கடுகண்ணாவை போன்ற ஏற்றத்திற் சுமையுடன் செல்லும்போது, வலுக்குறைந்த இயந்திரம் இவ்வீழ்ச்சியைத் தாங்காது தளரும். தாழ்ந்த சுழற்சியிலேயே நன்கு இழுக்கும் இயந்திரம் எளிதில் தாங்கும். ரொயோட்டாவின் 'ரி-50' பெட்டியின் 3.587, 2.022, 1.384, 1.00, 0.861 என்னும் விகிதங்கள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டன. ஆகவே ஐந்து கியர் உண்டா என்று மட்டும் வினவுதல் போதாது. அவை எவ்வாறு பகிரப்பட்டுள்ளன என்பதையும் வினவுதல் வேண்டும்.

மூன்றாவது, தாங்குதிறன். 1098 இயந்திரத்தின் முறுக்குவிசை ஏறத்தாழ 8.3 கிலோகிராம் மீற்றர். இவ்வண்டிக்குப் பொருத்தப்படுவனவற்றுள் ஒன்றாகிய டற்சன் 1200 இயந்திரத்துக்கு அது 9.7 எனத் தயாரிப்பாளர் குறித்துள்ளனர். இவ்வளவு உயர்வு பெரிதன்று. ஆனால் 13 அல்லது 14 தரும் இயந்திரத்தை வைத்தால், முதற் கியர் அதனை மூன்றரை மடங்குக்கு மேலாகப் பெருக்கிப் பின்னச்சிற் சுமத்தும். கியர்ப் பெட்டி தாங்கினாலும் மொறிஸின் பின்னச்சுத் தண்டுகள் முறியலாம். மயிலிறகேயானாலும் அளவிறந்து ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் உரைத்த கருத்து, உவமையாகவன்றி நேர்ப்பொருளாகவே இங்குப் பொருந்துகின்றது.

நான்காவது, பொருத்தம். எவ்வியந்திரம் வைக்கப்படுகின்றதோ அதனுடன் தொழிற்சாலையிலேயே இணைக்கப்பட்ட பெட்டியைப் பெறுதல் மிகவும் எளிய வழி. இயந்திரத்தையும் பெட்டியையும் இணைக்கும் மணிவடிவக் கூடு, கிளச்சு, ஸ்ராட்டர் என்பன யாவும் அப்போது தாமே ஒத்துவரும். வெவ்வேறு வகைகளை இணைப்பின் இடைத்தகடு வேண்டும். கிளச்சுத் தட்டின் விட்டம் பிளைவீலுக்கும், அதன் நடுத்துளையின் வரிப்பற்கள் பெட்டியின் உள்வாங்கு தண்டுக்கும் இசைதல் வேண்டும். அத்தண்டின் நுனி இயந்திரத்தின் சுழல்தண்டிலுள்ள சிறு தாங்கியில் சரியாக அமர்தல் வேண்டும். இரண்டின் மையங்களும் சிறிதளவு விலகினும் கிளச்சு அதிரும், தாங்கிகள் விரைவில் தேயும். ஒரே பெயர் கொண்ட பெட்டிகளிலும் வேறுபாடு உண்டு: ஆறு உருளை இயந்திரத்துடன் வந்த 'ரைப் 9' பெட்டியின் உள்வாங்கு தண்டு மற்றதினும் நீளமானது, முதல் விகிதமும் 3.36 ஆகும். பெயரை நம்பி வாங்காது அளந்து வாங்குதலே அறிவுடைமை.

ஐந்தாவது, இடம். மொறிஸ் மைனரின் முன்சில்லுகளைத் தாங்கும் முறுக்குக் கம்பிகள் வண்டியின் நீளப்பாட்டிற் பின்னோக்கிச் சென்று, முன்னாசனங்களின் கீழுள்ள குறுக்குச் சட்டத்திற் பிணைக்கப்பட்டுள்ளன. நீண்ட ஐந்து கியர்ப் பெட்டி அச்சட்டத்துடன் முட்டக்கூடும். இடம் வேண்டி அதனை வெட்டுவோர், வண்டியின் முன்பாரத்தைத் தாங்கும் உறுப்பையே நலிவிக்கின்றனர். வெட்டுதல் தவிர்க்கவியலாதாயின், இழந்த வலிமையை ஈடுசெய்யும் வலுவூட்டலைத் தேர்ந்த தொழிலாளரே செய்தல் வேண்டும். கியர்க் கோல் சாரதியின் கைக்கெட்டும் இடத்தில் எழுகின்றதா என்பதையும் முன்னரே அளந்தறிதல் நன்று.

பெட்டி அமர்ந்தபின் பின்னச்சுக்குச் செல்லும் நெடுந்தண்டின் நீளம் மாறும். அதனைப் புதிதாக அமைத்துச் சமநிலைப்படுத்தவேண்டும். அதன் இருமுனை மூட்டுக்களின் கோணங்களும் சமமாயிருத்தல் வேண்டும். இன்றேல் குறித்த வேகங்களில் நடுக்கம் தோன்றும். வேகமானியும் பிழை காட்டக்கூடுமாதலின் அதன் பற்சில்லையும் திருத்துதல் அவசியம். பெட்டியின் எண்ணெயும் ஒன்றன்று: மொறிஸ் பெட்டிக்கு இயந்திர எண்ணெயே விதிக்கப்பட்டது, பிற பெட்டிகளுக்கு அவ்வவற்றைத் தயாரித்தோர் விதித்ததையே இடல் வேண்டும்.

இவையாவும் நிறைவேறினும் தடுப்பை மறந்தால் பயனில்லை. 1098 வண்டியின் முன்சில்லுத் தடுப்புகள் 8 அங்குல விட்டமுள்ளவை. அதற்கு முந்தியவை 7 அங்குலமே. மலைநாட்டு இறக்கங்களில் இச்சிறு தடுப்புகள் சூடேறித் திறன் குன்றாமற் காப்பது தாழ்ந்த கியரில் இயந்திரம் தரும் எதிர்ப்பேயாகும். ஐந்தாம் கியர் சமவெளிக்குரியது. றம்பொடை வளைவுகளில் இறங்கும்போது அதனை நம்புதல் ஆபத்து. ஆகவே கூடிய வலுவை நாடுவோர் தடுப்புக்கும் முன்னதாகவே பணம் ஒதுக்குதல் கடன். இயந்திர இலக்கம் வண்டியின் பதிவிற் குறிக்கப்பட்டிருத்தலால், மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதி நிறுவனத்திடமும் அறிவித்தலும் வேண்டும்.

தொகுத்து நோக்குமிடத்து, முதலில் வண்டியின் பயனையும் அது செல்லும் வீதியையும் தீர்மானித்து, அதற்கேற்ற மொத்த விகிதத்தைக் கணித்து, பின் தாங்குதிறனையும் பொருத்தத்தையும் இடத்தையும் ஆராய்ந்து, இறுதியிலேயே பெட்டியை வாங்குதல் முறையாகும். மிக வலிய பெட்டியே சிறந்த பெட்டி என்பதில்லை; இயந்திரத்துக்கும் அச்சுக்கும் தடுப்புக்கும் ஒருங்கே இயைந்ததே சிறந்தது. அகற்றிய பழைய பெட்டியை எண்ணெயிட்டுப் பேணிவைத்தலும் தக்கது. உடலை வெட்டாது செய்யப்பட்ட மாற்றமாயின், பின்வருவோர் விரும்பும்போது அவ்வண்டியை அதன் பழைய உருவுக்கே மீட்டுக்கொள்ளலாம்.