சாணை பிடிக்கும்போது கத்தி ஏன் நீலமாகிறது?

பெல்ட் கிரைண்டரில் கத்தியைத் தேய்க்கும்போது சில சமயம் விளிம்பில் வைக்கோல் நிறம் எழும். கண் இமைப்பதற்குள் அது பழுப்பாகி, ஊதாவாகி, நீலமாகிவிடும். இது கறையல்ல, சூட்டில் எஃகின் மேல் படரும் மெல்லிய ஆக்சைடு படலம். படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும். சாதாரண கார்பன் எஃகில் வெளிர் வைக்கோல் நிறம் சுமார் 220 டிகிரி செல்சியஸையும் நீலம் சுமார் 300 டிகிரியையும் காட்டும்.

இதில் கெடுவது என்ன? எஃகைப் பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர்விக்கும்போது, இரும்பு அணுக்களிடையே கார்பன் சிக்கிக்கொள்கிறது. கத்தியின் கடினம் அதனால்தான் வருகிறது. பிறகு 200 டிகிரி அளவில் சூடாக்கிப் பதப்படுத்துவார்கள். சாணைச் சூடு அதைத் தாண்டினால் கார்பன் விடுபட்டுக் கார்பைடாகத் திரளும், எஃகு மென்மையாகும். விளிம்பு மெல்லியது, சூடு பரவ அங்கே இடமில்லை. அதனால் முதலில் பதம் இழப்பதும் அதுதான்.

எப்படித் தவிர்ப்பது? தேய்ந்த பெல்ட் எஃகை வெட்டாமல் உரசும், சூடு ஏறும். எனவே புது பெல்ட் மாட்டுங்கள். வேகத்தைக் குறைத்து, அழுத்தாமல் இழுங்கள். வெறுங்கையால் பிடித்தால் சூடு உடனே தெரியும். ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் முக்குங்கள். அலகில் ஒட்டிய நீர் ஆவியாகத் தொடங்கினால் உடனே எடுத்துவிடுங்கள். கண்ணாடி அணிய மறக்காதீர்கள்.

நீலத்தைத் தேய்த்தால் நிறம்தான் போகும், பதம் திரும்பாது. அந்தப் பகுதியையே தேய்த்து நீக்க வேண்டும். இல்லையேல் கத்தியை மறுபடி காய்ச்சிப் பதப்படுத்த வேண்டும்.