உங்களுக்குத் தெரியுமா? பாலையில் தொடங்கிப் பனியில் முடியும் சிலி

தென் அமெரிக்காவின் மேற்கு ஓரத்தில், வேட்டிக் கரையைத் தனியே கிழித்துப் போட்டதுபோல நீண்டு கிடக்கும் நாடு சிலி. ஒரு பக்கம் பசிபிக் பெருங்கடல், மறு பக்கம் ஆண்டீஸ் மலை. இந்த இரண்டும் நெருக்கிப் பிடித்திருக்கும் ஒல்லியான நிலத்தில் எத்தனை வகைக் கரை, எத்தனை வகை வானிலை! வடக்கிலிருந்து தெற்கே இறங்கிப் பார்ப்போமா?

★ சிலியின் நீளம் ஏறக்குறைய 4,300 கி.மீ. சராசரி அகலமோ 180 கி.மீ. கூட இல்லை. வட முனை வெப்ப மண்டலத்துக்குள் இருக்கிறது. தென் முனையைத் தாண்டினால் அடுத்த பெரிய நிலப்பரப்பு அண்டார்டிகாதான்.

★ வட கோடியில் உள்ள துறைமுக நகரம் அரிக்கா. 1903 அக்டோபர் முதல் 1918 ஜனவரி வரை, தொடர்ந்து 173 மாதங்கள் இங்கே மழையே பெய்யவில்லை. உலகில் பதிவான மிக நீண்ட மழையில்லாக் காலம் இதுதான். நிலநடுக்கோட்டிலிருந்து மும்பை எவ்வளவு தொலைவோ, எதிர்த்திசையில் ஏறக்குறைய அதே தொலைவில்தான் அரிக்காவும் இருக்கிறது. மும்பையில் ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் கொட்டுகிறது; அரிக்காவின் ஆண்டுச் சராசரி 1 மி.மீ.கூடத் தேறாது.

★ கடலோரத்திலேயே பாலைவனம் எப்படி வந்தது? தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் என்னும் குளிர் நீரோட்டம் கரையோரக் காற்றைக் குளிரவைக்கிறது. குளிர்ந்த காற்று மேலெழும்பாது. மேலே எழும்பாத காற்றில் மழைமேகம் திரளாது. போதாக்குறைக்கு, தென் பசிபிக்கின் உயர் காற்றழுத்தம் மேலிருந்து அமுக்குகிறது. கிழக்கே அமேசான் பக்கமிருந்து வரும் ஈரத்தை ஆண்டீஸ் மறித்துவிடுகிறது. இந்த மூன்றும் சேர்ந்து உருவாக்கியதுதான் அட்டகாமா பாலைவனம்.

★ மழைதான் இல்லையே தவிர, கடலிலிருந்து அடர்ந்த மூடுபனி வருகிறது. அதற்கு உள்ளூர்ப் பெயர் 'கமன்சாகா'. 1990களில் சுங்குங்கோ என்ற மீனவக் கிராமத்துக்கு மேலே உள்ள மலையில் பெரிய பெரிய வலைகளைக் கட்டி, அவற்றில் படியும் பனித்துளிகளைக் குழாய் வழியே ஊருக்குக் கொண்டுவந்தார்கள். நாளொன்றுக்குச் சராசரியாகச் சுமார் 15,000 லிட்டர் குடிநீர் கிடைத்தது.

★ பாலைவனக் கரையில் பெங்குயின் உண்டு! வறண்ட கரையை ஒட்டிய கடல் மீன்வளத்தில் உலகின் முன்வரிசையில் நிற்கிறது. ஆழத்துச் சத்துகள் மேலே வர, அவற்றை நம்பி நெத்திலிக் கூட்டங்கள் பெருக, அவற்றைத் தின்று ஹம்போல்ட் பெங்குயின்கள் வாழ்கின்றன. நிலத்தை வறளவைத்த அதே குளிர்ந்த கடல்தான் இவற்றுக்குச் சோறு போடுகிறது.

★ எல் நினோ ஆண்டுகளில் அட்டகாமாவின் தென்பகுதியில் அரிதாக மழை பெய்யும். மண்ணுக்குள் பல ஆண்டு உறங்கிக் கிடந்த விதைகளும் கிழங்குகளும் முளைத்து, அந்தப் பகுதி முழுக்க ஊதாவும் மஞ்சளுமாகப் பூத்துவிடும். 2015 மார்ச்சில் பெய்த பேய்மழை வெள்ளமாகி உயிர்களைப் பலிகொண்டது. அதே ஆண்டின் பிற்பகுதியில் அந்த நிலம் பூக்காடாகியது.

★ மேகமில்லாத வானம் என்றால் வானியலாளர்களுக்குக் கொண்டாட்டம். அட்டகாமாவின் பரனால் மலைமீது 8.2 மீட்டர் ஆடி பொருத்திய நான்கு பெரிய தொலைநோக்கிகள் இருக்கின்றன. பக்கத்து அர்மசோனஸ் மலையில் 39 மீட்டர் ஆடியுடன் ஒரு ராட்சதத் தொலைநோக்கி எழும்பிக்கொண்டிருக்கிறது.

★ உலகிலேயே உயரமான எரிமலை ஓஹோஸ் டெல் சலாடோ: 6,893 மீட்டர். சிலி, அர்ஜென்டினா எல்லையில் நிற்கிறது. அதே வட சிலியின் கரைக்கு அப்பால் கடலடிப் பள்ளம் 8,000 மீட்டருக்கும் மேல் ஆழமானது. உச்சிக்கும் அடிமட்டத்துக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 15 கி.மீ.!

★ இவ்வளவு மேடும் பள்ளமும் வந்தது, நாஸ்கா என்னும் கடலடித் தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் தென் அமெரிக்கத் தட்டுக்கு அடியில் நுழைவதால். அந்த உரசலின் விளைவுதான் 1960 மே 22இல் வால்டிவியாவை உலுக்கிய நிலநடுக்கம். அளவு 9.5. கருவிகள் பதிவு செய்தவற்றில் இன்றுவரை இதுவே மிகப் பெரியது. அதில் எழுந்த சுனாமி பசிபிக்கைக் கடந்து ஹவாயிலும் ஜப்பானிலும் உயிர்களைக் குடித்தது.

★ சிலியின் கரை நின்ற இடத்தில் நிற்பதில்லை. 1835 நிலநடுக்கத்துக்குப் பிறகு, டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலின் தலைவர் ஃபிட்ஸ்ராய் சாண்டா மரியா தீவை அளந்து பார்த்தார். தீவு 2.5 முதல் 3 மீட்டர் வரை உயர்ந்திருந்தது. 2010 பிப்ரவரி 27இல் வந்த 8.8 அளவு நிலநடுக்கத்தில் கான்செப்சியோன் நகரம் சுமார் 3 மீட்டர் மேற்கே நகர்ந்தது.

★ நாட்டின் நடுப்பகுதியில் கோடை வறண்டிருக்கும். மழை பெய்வது குளிர்காலத்தில். இந்த 'மத்தியதரைக்கடல் வானிலை' உலகில் ஐந்தே பகுதிகளுக்கு வாய்த்திருக்கிறது. சிலியின் திராட்சைக்கும் ஒயினுக்கும் இதுவே அடிப்படை. ஆனால் 2010இல் இங்கே நீண்ட வறட்சி தொடங்கியது. தலைநகர் சான்டியாகோவுக்கு அருகிலுள்ள அகுலேயோ ஏரி 2018இல் முற்றாக வற்றிப்போனது.

★ இன்னும் தெற்கே போனால் குடை இல்லாமல் வெளியே வர முடியாது. ஓயாத மேற்குக் காற்று கடலின் ஈரத்தை வாரிவந்து மலைமேல் மோதுகிறது. அந்த மழையில் வளரும் அலெர்சே மரங்களில் ஒன்றின் ஆண்டு வளையங்களை எண்ணியபோது, அதற்கு 3,600 வயதுக்கு மேல் என்று தெரியவந்தது.

★ வடக்கே நேர்க்கோடாக வந்த கரை, புவெர்ட்டோ மான்ட் நகருக்குத் தெற்கே சுக்குநூறாக உடைகிறது. நாட்டின் நடுவே ஓடிவந்த பள்ளத்தாக்கு இங்கே கடலுக்குள் இறங்கிவிடுகிறது. கரையோர மலைத்தொடரின் தலைகள் மட்டும் சிலோயே முதலான தீவுகளாக மேலே தெரிகின்றன. சிலோயேயின் கிழக்குப் பக்கத்தில் ஓதத்தில் நீர்மட்டம் பல மீட்டர் ஏறி இறங்குவதால், கரையோர வீடுகளைக் கால்கள்மீது நிறுத்திக் கட்டியிருக்கிறார்கள்.

★ சான் ரஃபேல் பனியாறு கடல்நீரில் வந்து விழுகிறது. கடலைத் தொடும் பனியாறுகளில் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பது இதுவே. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஜெனீவா நகரம் எவ்வளவு தொலைவோ, தெற்கே ஏறக்குறைய அதே தொலைவில்தான் இந்தப் பனியாறு!

★ தென் கோடியிலுள்ள பெரிய நகரமான புன்டா அரீனாஸுக்குச் சொந்த நாட்டுக்குள்ளேயே சாலை வழி கிடையாது. பனிவயல்களும் ஃபியார்டுகளும் குறுக்கே நிற்கின்றன. அர்ஜென்டினாவைச் சுற்றித்தான் போக வேண்டும். இல்லையென்றால் கப்பல், விமானம். சூறைக்காற்று நாட்களில் நடந்து போகிறவர்கள் பிடித்துக்கொள்ள இந்நகரத் தெருக்களில் கயிறு கட்டுவதுண்டு.

★ சிலியின் தென் கோடியில் உள்ள ஹார்ன் முனையில் கடல் ஏன் அவ்வளவு கொந்தளிப்பு? அந்த அட்சரேகையில் உலகைச் சுற்றிவரும் மேற்குக் காற்றுக்குக் குறுக்கே நிலமே இல்லை. 1914இல் பனாமா கால்வாய் திறக்கும்வரை, அமெரிக்கக் கண்டங்களின் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் இடையே கப்பல்கள் இந்த முனையைச் சுற்றியோ, மகெல்லன் நீரிணை வழியாகவோதான் போய்வந்தன.

★ ஜனவரியில் சிலி முழுவதும் கோடைக்காலம். ஆனாலும் அரிக்காவில் பருத்திச் சட்டை போதும். புன்டா அரீனாஸில் கம்பளிச் சட்டை வேண்டும். ஆகவே சிலிக்குப் புறப்படுகிறவர்களே, மாதத்தைப் பார்த்துப் பெட்டி கட்டாதீர்கள். ஊரைப் பார்த்துக் கட்டுங்கள்!