கழுத்துக் குழாயைத் தொடலாமா?

எங்கள் நாரணாபுரத்தில் 'மருந்து' என்றால் யாருக்கும் மாத்திரை நினைவுக்கு வராது, பட்டாசு மருந்துதான். அந்த மருந்து தீப்பிடித்துத்தான் என் கொழுந்தன் மார்பும் கையும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். துணைக்கு இருந்தவள் நான்.

கையில் ஊசி குத்த இடமில்லை. கழுத்தில் பெரிய இரத்தக் குழாய்க்குள் மெல்லிய குழாயைச் செருகி, அதன் வழியே டிரிப்ஸ் ஏற்றினார்கள். நான்காம் நாள் வியர்வையில் மேலே ஒட்டியிருந்த பிளாஸ்திரி கிளம்பிவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா சகோதரிகளே? முந்தானையால் ஒற்றித் துடைத்து, மறுபடி அழுத்தி ஒட்டினேன். பெரிய சேவை செய்துவிட்ட திருப்தி வேறு!

ஆறாம் நாள் தூக்கித் தூக்கிப் போடும் குளிர்ஜுரம். பிளாஸ்திரியைப் பார்த்த சிஸ்டர், "இத யாரும்மா தொட்டது?" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பரிசோதனையில் இரத்தத்திலேயே கிருமி. அந்தக் குழாயை எடுத்துவிட்டு, மறுபக்கம் வேறு போட்டார்கள்.

"ஒங்க கையாலதான்னு சொல்ல முடியாது. வெந்த தோல்ல இருந்தும் வரலாம், எங்க கையில இருந்தும் வரலாம்" என்றார் டாக்டர். என் மனசு கேட்கவில்லை. துருவித் துருவி விசாரித்தேன்.

தோல்தான் உடம்புக்கு வேலி. குழாய் போட்ட இடம், வேலியில் விழுந்த ஓட்டை. கிருமி குழாயின் ஓரமாகவும் இறங்கும். மருந்து ஏற்றும் வாய் வழியாகவும் நுழையும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில், பீட்டர் பிரோனவோஸ்ட் என்ற டாக்டரின் யோசனைப்படி இதைக் குறைத்திருக்கிறார்கள். புது மருந்து எதுவுமில்லை. கை கழுவுவது, முகமூடி கையுறையுடன் நோயாளியை முழுக்கத் துணியால் மூடுவது, குளோர்ஹெக்ஸிடினால் தோலைத் துடைப்பது, கூடியவரை தொடை இடுக்கில் செருகாதிருப்பது, தேவை முடிந்ததும் எடுத்துவிடுவது. அவ்வளவுதான்! முறை தப்பினால் டாக்டரையே நிறுத்த நர்ஸுக்கு உரிமை. (எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.) 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் தொடங்கி, 18 மாதத்தில் இந்தத் தொற்று ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைந்ததாக 2006-ல் வெளியிட்டார்கள்.

துணைக்கு இருக்கும் நாம் பிளாஸ்திரி நனைந்தாலோ கிளம்பினாலோ தொடக்கூடாது. சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். நடுக்கம், சிவப்பு, சீழ் கண்டால் உடனே சொல்ல வேண்டும். இன்னொன்று, குழாய் இன்னும் தேவையா என்று தினமும் கேட்பது.

நானும் காலை ரவுண்ட்ஸில் கூச்சத்தை விட்டுக் கேட்டேன்: "சார், இந்தக் குழாய் இன்னும் வேணுமா?" இரண்டு நாள் "வேணும்மா" என்றார். மூன்றாம் நாள் சற்று யோசித்துவிட்டு, "சிஸ்டர், எடுத்திருங்க" என்றார்.